நம்ம கவுண்டி நீதிபதி உச்ச நீதிமன்றத்துக்கு நிற்கிறார்: எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது?

கேள்வி: விஸ்கான்சின் மாநிலம், வாக்கேஷா கவுண்டியில் வசிக்கிறோம். போன ஆண்டுதான் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. மனைவி எச்-1பி விசாவில் இருக்கிறார்; பெற்றோரிடம் கிரீன் கார்டு. எங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) சர்க்யூட் கோர்ட், அதாவது விசாரணை நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் நிற்கிறார். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காதாம். எதை வைத்து முடிவு செய்வது? அவரிடமே கேள்வி கேட்கலாமா? நன்கொடை தரலாமா? வீட்டுக் கூரை போட்ட ஒப்பந்தக்காரர் மீது நான் சமீபத்தில் தொடுத்த வழக்கும் அவர் முன்புதான் இருக்கிறது.

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. வழக்கு முடியும்வரை அவருடைய பிரசாரத்துக்கு ஒரு டாலர்கூடத் தராதீர்கள். கூட்டங்களில் அவரைப் பார்த்தாலும் வழக்கைப் பற்றி வாய் திறக்காதீர்கள். எதிர்த்தரப்பு இல்லாத இடத்தில் நீதிபதியிடம் வழக்கைப் பேசுவது விதிமீறல். தேர்தலில் நிற்பதற்காக அவர் பதவி விலக வேண்டியதில்லை. தோற்றால் அதே நாற்காலியில் தொடர்வார். ஜெயித்தால் ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போவார். காலியாகும் இடத்துக்கு ஆளுநர் ஒருவரை நியமிப்பார். நடுவில் உங்கள் வாய்தா தேதிகள் தள்ளிப்போகலாம்.

அவர் வேண்டாம் என்று தோன்றினால், சிவில் வழக்கில் ஒவ்வொரு தரப்பும் ஒரு முறை வேறு நீதிபதி கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வழக்குத் தொடுத்தவர் என்பதால் உங்களுக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம். அதற்குள்ளேயே இரு தரப்பும் மோதும் முதல் பூர்வாங்க விசாரணை தொடங்கிவிட்டால் உரிமை போய்விடும். 60 நாள் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு இந்த இரண்டாவது நிபந்தனையைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. வக்கீலிடம் இந்த வாரமே கேளுங்கள்.

இனி ஓட்டு. 'கட்சி சாராத தேர்தல்' என்பது வாக்குச்சீட்டில் மட்டும்தான். 2025 ஏப்ரல் 1 தேர்தலில் மோதிய இருவருமே கவுண்டி நீதிபதிகள்: டேன் கவுண்டியின் சூசன் கிராஃபோர்டு, உங்கள் வாக்கேஷாவின் பிராட் ஷிமல். முன்னவருக்குப் பின்னால் ஜனநாயகக் கட்சி, பின்னவருக்குப் பின்னால் குடியரசுக் கட்சி. இரு பக்கமும் சேர்ந்த செலவு சுமார் 10 கோடி டாலர். எலான் மஸ்க்கும் அவர் சார்ந்த குழுக்களும் மட்டும் 2 கோடிக்கு மேல் இறக்கியும், சுமார் 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் கிராஃபோர்டு ஜெயித்தார். யார் யாருக்கு ஆதரவு தருகிறார்கள் என்று பார்த்தால் கட்சி தெரிந்துவிடும். ஆனால் அதற்காக மட்டும் ஓட்டுப் போடுவதானால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஏழு நீதிபதிகள், பத்தாண்டுப் பதவிக்காலம். ஒரு ஆண்டில் ஒரு இடத்துக்குமேல் தேர்தல் கிடையாது. அதனால் ஒரே தேர்தல் பெரும்பான்மையைத் திருப்பிவிடும். தபால் வாக்குகளைக் கொண்டுவந்து போடப் பொது இடங்களில் வைக்கும் பெட்டிகள் சட்டவிரோதம் என்று 2022-இல் இந்த நீதிமன்றம் 4-3 கணக்கில் சொன்னது. 2023-இல் மில்வாக்கி கவுண்டி நீதிபதி ஜேனட் புரோட்டசேவிச் ஜெயித்து உள்ளே வந்தார். 2024-இல் அதே நீதிமன்றம், அதே 4-3 கணக்கில், பெட்டி வைக்கலாம் என்றது.

வேட்பாளரிடம் கேள்வி கேட்கத் தடையில்லை. கருத்தைச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு; 2002-இல் மினசோட்டா வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு வரக்கூடிய விஷயத்தில் இப்படித்தான் தீர்ப்பளிப்பேன் என்று வாக்குறுதி தர மாநில நடத்தை விதி இடம் தராது. புரோட்டசேவிச் தேர்தல் தொகுதிகளின் எல்லை வரைபடங்களைக் கோல்மால் என்ற பொருளில் விமர்சித்தபோது, அது கருத்தா வாக்குறுதியா என்று பெரிய சண்டையே நடந்தது. ஆகவே 'கருக்கலைப்பு வழக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று தவறு என்று தோன்றினால் எப்போது அதை மாற்றுவீர்கள்? உங்களுக்காகப் பெரும்பணம் செலவழித்தவர் வழக்கோடு வந்தால் அந்த வழக்கை விசாரிப்பதிலிருந்து விலகுவீர்களா? எந்தத் தொகைக்கு மேல்?

இரண்டாவது கேள்வி இங்கே ரொம்ப முக்கியம். விஸ்கான்சினில் சட்டப்படி பெற்ற நன்கொடை மட்டுமே நீதிபதி விலகக் காரணமாகாது என்று 2010-இல் மாநில உச்ச நீதிமன்றமே விதி செய்துகொண்டது. தொகைக்கு ஒரு வரம்பு வைத்து அதற்கு மேல் போனால் விலகட்டும் என்று 54 ஓய்வுபெற்ற நீதிபதிகள் மனுக் கொடுத்தார்கள். 2017-இல் அதே நீதிமன்றம் 5-2 கணக்கில் அதை நிராகரித்தது. மேற்கு வர்ஜீனியாவில் 5 கோடி டாலர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு வந்த நிறுவனத்தின் தலைவர், ஒரு நீதிபதியை ஜெயிக்க வைக்கச் சுமார் 30 லட்சம் செலவழித்தார். அந்த நீதிபதி வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு அப்பட்டமாக இருந்தால்தான் அரசமைப்பு குறுக்கே வரும். மற்றபடி வேட்பாளரின் மனச்சாட்சிதான்; அதை வெளியே கொண்டுவரும் கேள்வி இது.

அவருடைய தொழில் எப்படி என்று பார்க்க விளம்பரங்களை நம்ப வேண்டாம். மாநில நீதிமன்றங்களின் இணையதளத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் இலவசம். ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்தக் கவுண்டி, எந்த நீதிபதி என்று இருக்கும். அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எத்தனை ரத்தாயின என்று எண்ணுவதைவிட ஏன் ரத்தாயின என்று படிப்பது பயன் தரும். சட்டமே தெளிவில்லாத இடத்தில் ரத்தாவது சாதாரணம். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் யோசிக்க வேண்டும்.

'குற்றவாளிக்குக் குறைந்த தண்டனை கொடுத்தார்' என்ற விளம்பரம் ஒவ்வொரு தேர்தலிலும் வரும். சிசிஏபி என்று எல்லாரும் சொல்லும் சர்க்யூட் கோர்ட் தேடுதளத்தில் அந்த வழக்கை எடுத்து, குற்றச்சாட்டு என்ன, அரசுத் தரப்போடு சமரசம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, தண்டனை என்ன என்று பாருங்கள். அரசுத் தரப்பு எவ்வளவு கேட்டது என்பதைச் செய்திகளில் தேடுங்கள். கேட்டதைவிட வெகுவாகக் குறைத்திருந்தால் விளம்பரத்தில் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. விசாரணை நீதிபதியின் வேலை சாட்சிகளைக் கேட்பது, ஜூரியை நடத்துவது, உடனுக்குடன் உத்தரவு போடுவது. உச்ச நீதிமன்றத்தில் சாட்சியே கிடையாது. எந்த வழக்கை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதும் (ஏழில் மூவர் சம்மதித்தால் போதும்), நீண்ட தீர்ப்பு எழுதுவதும்தான் அங்கே வேலை. கோர்ட்டில் கண்டிப்பும் கனிவுமாக நடந்துகொள்பவர் நல்ல தீர்ப்பு எழுதுவார் என்று சொல்ல முடியாது. அவருடைய எழுத்துபூர்வமான உத்தரவுகளில் இரண்டையாவது பிரசாரக் குழுவிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். தோற்ற தரப்பின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லியிருக்கிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வழக்கு முடிந்தபின் நன்கொடை தர நினைத்தால்: தனிநபர் உச்ச வரம்பு 20,000 டாலர். 100 டாலருக்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. ஆண்டுக்கு 200 டாலரைத் தாண்டினால் உங்கள் தொழில் விவரமும் பதிவாகும், எல்லாரும் பார்க்கலாம். நீதிபதி தானே கையேந்தக் கூடாது, குழுதான் வாங்கும். கம்பெனிக் கணக்கிலிருந்து செக் எழுதாதீர்கள். (20,000 வரம்பு கண்துடைப்பு என்றே சொல்வேன்: கட்சிக்கு எவ்வளவும் தரலாம், கட்சி வேட்பாளருக்கு எவ்வளவும் தரலாம்.) பெற்றோர் கிரீன் கார்டு என்பதால் தங்கள் சொந்தப் பணத்தைத் தரலாம். மனைவி தரக்கூடாது, எச்-1பியில் இருப்பவர் எந்த மட்டத்துத் தேர்தலுக்கும் பணம் தருவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஊதியமில்லாமல் தொண்டு செய்யலாம்.

ஓட்டு ஏப்ரல் முதல் செவ்வாய், காலை 7 முதல் இரவு 8 வரை. மூன்று பேராவது நின்றால்தான் பிப்ரவரி மூன்றாம் செவ்வாயில் முதல் சுற்று. வாக்காளராகத் தபாலிலோ இணையத்திலோ பதிவதானால் தேர்தலுக்கு 20 நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தவறினால் வாக்குச்சாவடியிலேயே அன்றைக்குப் பதியலாம். அதற்கு முகவரிச் சான்று வேண்டும், புகைப்பட அடையாளம் தனி. ஓட்டுநர் உரிமமோ அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ செல்லும்; குடியுரிமைச் சான்றிதழ் தேர்தல் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் வாங்கியதானால் அதுவும் செல்லும்.

தபால் வாக்கு போடுவதானால் உறையில் ஒரு சாட்சி கையெழுத்தும் அவர் முகவரியும் கட்டாயம். விட்டுப்போனால் ஓட்டுச் செல்லாது. சாட்சி 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். அதனால் உங்கள் வீட்டில் மனைவியோ பெற்றோரோ கையெழுத்துப் போட முடியாது. குடியுரிமை உள்ள பக்கத்து வீட்டுக்காரரையோ நண்பரையோ கேளுங்கள். உறை தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்றைய தேதியில் அஞ்சல் முத்திரை விழுந்தால் போதாது.