கோப்பை மாற்றியும் பழைய சாவியா? கிளவுட் எஸ்டிகே கேள்வி பதில்

கேள்வி: சார், அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுக்கு நுழைவுச் சாவி வைக்கும் கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் புது சாவியைப் போட்டுவிட்டேன். பைத்தான் நிரல் இன்னும் பழைய அக்கவுன்டுக்கே போகிறது. ஏடபிள்யூஎஸ்ஸுக்கான பைத்தான் லைப்ரரி போட்டோ3-ஐ அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தும் மாறவில்லை.

பதில்: போட்டோ3 மேல் தப்பில்லை. நீங்கள் மாற்றிய கோப்பு வரை அது வரவே இல்லை. சாவியைத் தேட எஸ்டிகேவுக்கு, அதாவது போட்டோ3 போன்ற கிளவுட் லைப்ரரிக்கு, ஒரு வரிசை உண்டு. நிரலுக்குள் நேராகக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பார்க்கும். அடுத்து என்விரான்மென்ட் வேரியபிள் (எக்ஸ்போர்ட் கமாண்டால் டெர்மினலில் வைக்கும் மதிப்பு), அப்புறம்தான் கோப்புகள். சர்வரோடு ஒட்டிய ஐஏஎம் ரோல் (சர்வருக்கே கொடுத்த அனுமதிகளின் தொகுப்பு) கடைசியில். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேடுவதை நிறுத்திவிடும். அந்தச் சாவி செல்லாததாக இருந்தாலும் அடுத்த இடத்துக்குப் போகாது.

டெர்மினலில் ‘என்வ்’ என்று அடித்து, ஏடபிள்யூஎஸ் என்று தொடங்கும் வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். நான் ஒருமுறை அரை நாள் தொலைத்தது இதில்தான். எப்போதோ சோதனைக்காக, டெர்மினல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிய இரண்டு எக்ஸ்போர்ட் வரிகள், எழுதியதே மறந்துபோயிருந்தது. அதிலிருந்து, எதைத் திருத்துவதற்கும் முன் ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்டிஎஸ் (தற்காலிகச் சாவி தரும்) சேவையின் ‘கெட் காலர் ஐடென்டிட்டி’யைக் கூப்பிட்டுவிடுகிறேன். எந்த அக்கவுன்டில், யாராக நுழைந்திருக்கிறோம் என்று சொல்லிவிடும். அதற்கென்று தனி அனுமதியும் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், அதை நிரலுக்குள்ளிருந்தே கூப்பிடுங்கள். எடிட்டரின் ரன் பட்டனுக்கு டெர்மினலில் இருக்கும் என்விரான்மென்ட்தான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக் கோப்பில் ‘டெவ்’ என்று ப்ரொஃபைல் (பெயரிட்ட அமைப்புத் தொகுப்பு) எழுதியிருக்கிறேன். அப்படி ஒன்றே இல்லை என்கிறது.

பதில்: கான்ஃபிக் கோப்பில் சதுர அடைப்புக்குள் ‘ப்ரொஃபைல் டெவ்’ என்று இரண்டு சொல்லும் வேண்டும். கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் வெறும் ‘டெவ்’ போதும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் எரிச்சல்தான்.

கேள்வி: அண்ணா, சாவி, ரகசியச் சாவி இரண்டையும் சரியாகத்தான் ஒட்டினேன். ஆனாலும் டோக்கன் செல்லாது என்று வருகிறது. நான் டோக்கன் எதுவும் கொடுக்கவே இல்லையே?

பதில்: கொடுக்காததுதான் சிக்கலே தம்பி. சாவியின் முதல் நான்கு எழுத்தைப் பார். ஏ-கே-ஐ-ஏ என்றால் நிரந்தரச் சாவி. ஏ-எஸ்-ஐ-ஏ என்றால் தற்காலிகம். அதற்கு செஷன் டோக்கன் என்ற மூன்றாவது துண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சேர்த்தாலும் அதற்கு ஆயுள் உண்டு. அஸ்யூம் ரோல் மூலம், அதாவது ஒரு ரோலைத் தற்காலிகமாக ஏற்று, வந்ததென்றால், வேறு எதுவும் சொல்லாதபட்சத்தில் 1 மணி நேரம். கையால் ஒட்டுவதை விட்டுவிட்டு ரோலை ப்ரொஃபைலில் எழுதி வை, எஸ்டிகே தானே புதுப்பித்துக்கொள்ளும்.

கேள்வி: கூகுள் கிளவுடில் ‘ஜிகிளவுட் ஆத் லாகின்’ செய்தேன். கமாண்ட் எல்லாம் ஓடுகிறது, என் நிரல் மட்டும் டிஃபால்ட் கிரெடென்ஷியல் கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: அந்த லாகின் ஜிகிளவுட் கமாண்டுக்கு மட்டும். லைப்ரரிகள் பார்ப்பது வேறு இடம். அதற்கு ‘ஜிகிளவுட் ஆத் அப்ளிகேஷன்-டிஃபால்ட் லாகின்’ என்று தனியாக ஒருமுறை நுழைய வேண்டும்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடில், அடையாளத்தைத் தானே தேடிக்கொள்ளும் டிஃபால்ட்அஸூர்கிரெடென்ஷியல் பயன்படுத்துகிறேன். என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் விழுந்துவிடுகிறது.

பதில்: லேப்டாப்பில் அது நீங்கள் கமாண்டில் செய்த ‘ஏஇசட் லாகின்’ மேல் சவாரி செய்துகொண்டிருக்கும். சர்வரில் அப்படி யாரும் நுழைந்திருக்க மாட்டார்கள். அங்கே மேனேஜ்டு ஐடென்டிட்டியை (சர்வருக்கென்று அஸூர் தரும் அடையாளம்) இயக்கி, அதற்கு ரோலும் கொடுக்க வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். 401 என்ற பிழை எண் வந்தால் நீங்கள் யாரென்றே தெரியவில்லை என்று பொருள். 403 வந்தால் தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை. 403 என்றால் நிரலைத் தொடாதீர்கள், ரோலைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: சாவியோடு நிரலை, எல்லோரும் பார்க்கும் பொது கிட் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டிலேயே அழித்துவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வரலாற்றைச் சுத்தம் செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதைப் படித்து முடித்ததும் கன்சோலைத் திறந்து அந்தச் சாவியை முடக்குங்கள்.