சாமி அறைப் படம் கல்லச்சா, வெறும் அச்சா?

கேள்வி: அம்மம்மாவின் சாமி அறையில் இருந்த லட்சுமி படம் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கீழே ரவிவர்மா அச்சகத்தின் பெயர் சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கிறது. பழைய சாமான் வாங்க வந்தவர், "ஒரிஜினல் இல்லை, பிறின்ற்தான்" என்று ஒரு சொற்பத் தொகைக்குக் கேட்டார். மச்சானோ, "இது கல்லச்சு, குடுக்காதை" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரமெல்லாம் பழுத்திருக்கிறது, துடைக்கலாமா?
(கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாங்க வந்தவர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. பிறின்ற்தான். ஆனால் எந்த பிறின்ற் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதே, தன் ஓவியங்கள் அரண்மனைச் சுவரை விட்டு வீடுகளுக்கும் போக வேண்டும் என்றுதான். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆளும் வந்தார்கள். அங்கே ஓவியத்தைப் படம் பிடித்து அச்சடிக்கவில்லை. கைதேர்ந்த ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்துக் கல்லின் மேல் திரும்ப வரைந்தார், அதுவும் இடம் வலமாக மாற்றி. சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல், கன்னத்து இளஞ்சிவப்புக்கு இன்னொன்று என்று ஒரே படத்துக்குப் பத்துக்கு மேலும் கற்கள் போகும். மச்சான் சொல்கிற கல்லச்சு இதுதான். அடித்து முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்தை வரைவதுதான் வழக்கம். ஆக, அந்தக் கைவேலைக்கு மிச்சமிருக்கும் சாட்சி காகிதம் மட்டும்தான்.

கல் என்றால் எந்தக் கல்லும் இல்லை. 1790களின் கடைசியில் ஜெர்மனியின் பவேரியாவில் அலோயிஸ் செனஃபெல்டர் இந்த முறையைக் கண்டுபிடித்தது அங்கத்தைய சோல்ன்ஹோஃபன் சுண்ணக்கல்லில். யாழ்ப்பாணத்தில் நாங்களும் சுண்ணக்கல்லின் மேல்தான் குடியிருக்கிறோம். ஆனால் கீரிமலைப் பக்கம் கிணறு வெட்டும்போது வருகிற கல்லைப் பார்த்திருப்பீர்கள்: ஓட்டையும் சிப்பியும். அதில் கோடு இழுக்க முடியாது. சோல்ன்ஹோஃபன் கல் பலகை பலகையாகப் பிளக்கும், மாவு அரைத்த மாதிரி நுண்மையானது. அதன் மேல் கொழுப்புச் சேர்த்த பென்சிலால் வரைந்து, கருவேலம் பிசினும் கொஞ்சம் அமிலமும் பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்தால், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தள்ளிவிடும். எண்ணெய் மை உருளையை ஓட்டினால் மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். செதுக்கலும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் சேராது, அவ்வளவுதான் வித்தை. இன்றைக்குக் கல்யாணக் கார்ட் அடிக்கும் ஆஃப்செட்டும் இதே வித்தைதான். கல்லுக்குப் பதில் உலோகத் தகடு, நடுவில் ஒரு ரப்பர் விரிப்பு.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? பெயரை நம்பாதீர்கள். பின்னால் வந்த மறுபதிப்புகள் அந்தச் சின்ன எழுத்தையும் சேர்த்தே நகலெடுத்திருக்கின்றன. நகைக்கடைக்காரர் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். கஸ்தூரியார் வீதியில் தெரிந்த கடை இருந்தால் படத்தையே கொண்டுபோய்க் காட்டலாம். லட்சுமியின் கன்னத்தில் லென்ஸை வையுங்கள், நிறம் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்கும் இடத்தில். ஒரே அளவு இடைவெளியில் வரிசை கட்டிய புள்ளிகள், நாலு நிறமும் சேர்ந்து குட்டிக் குட்டிப் பூ மாதிரி நின்றால், அது ஆஃப்செட். புள்ளிகள் கையால் குத்தியது போல ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, இங்கே நெருங்கி அங்கே கலைந்து, சில இடத்தில் பென்சில் உரசிய பொருக்கு மாதிரித் தெரிந்தால், மச்சான் சொன்னது சரி. சேலைக் கரையையும் பாருங்கள். ஒரு நிறம் தன் எல்லையை மயிரிழை தாண்டி அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். கல் மாற்றி மாற்றி அடித்தபோது நேர்ந்த சின்னப் பிசகு அது. எனக்கு அந்தப் பிசகுதான் பிடிக்கும்.

மேற்பரப்பில் வார்னிஷ் பளபளப்பும் துணி நெய்த மாதிரித் தடமும் இருந்தால் அதை ஓலியோகிராஃப் என்பார்கள். எண்ணெய் ஓவியம் போலத் தோன்றச் செய்த கல்லச்சு. சிலர் சேலையில் சரிகையும் மணியும் ஒட்டுவார்கள். உங்கள் படத்தில் இருந்தால் பிய்க்க வேண்டாம், அதுவும் படத்தின் கதைதான்.

துடைப்பதா? ஈரத்துணி பக்கமே போகாதீர்கள். என் வீட்டு முருகன் படத்தில் பல வருடக் குங்குமப் பொட்டு இருந்தது. அவசரப்பட்டு ஈரத்தால் தொட்டேன். குங்குமச் சிவப்பு காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. வேல் நுனி இன்றைக்கும் இளஞ்சிவப்புத்தான். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள், போதும். லமினேற் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒருமுறை செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப்பும் வேண்டாம்.

ஓரம் பழுப்பது பெரும்பாலும் பின்னால் அடித்த பலகையாலும் மலிவான மட்டையாலும்தான். அவற்றின் அமிலம் காகிதத்துக்கு ஏறுகிறது. மாரி முடிந்து நன்றாக வெயில் பிடித்த ஒரு நாளில் பிறேமைக் கழற்றி, அமிலமில்லாத மட்டையாக மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் சுற்றி ஒரு மட்டைச் சட்டம் வைக்க வேண்டும். எங்கள் ஈரக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடே வைத்திருந்து, காகிதப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிறகு வெயிலும் விளக்குப் புகையும் படாத சுவரில் மாட்டலாம். பூசைக்கு வேறொரு லட்சுமி வாங்கிக்கொள்ளுங்கள், அம்மம்மா கோபிக்க மாட்டா.

பின்பலகையைக் கழற்றும்போது உள்ளே பழைய பேப்பர் மடித்து வைத்திருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் திகதி இருக்கும். ஒரு ஈழகேசரித் துண்டு கிடைத்தால், அது 1930க்கும் 1958க்கும் இடையில் வந்த பேப்பர். படம் ஏறக்குறைய எப்போது பிறேம் போடப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.