கேபினெட் ‘சுள்’ளென்கிறதா? புது கம்ப்யூட்டருக்கு முன்னால் ப்ளக் பாயிண்ட்

கேள்வி: 2015-இல் வாங்கிய கம்ப்யூட்டர் (ஐ5 4460, 8 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ் 750 டிஐ கார்டு). கேம் ஓடும்போது திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன் புதிதாக அசெம்பிள் பண்ண வேண்டும் என்கிறான். பழைய மானிட்டர் (1080பி, 60 ஹெர்ட்ஸ்), எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி), ஹார்ட் டிஸ்க், 600 வி.ஏ. யு.பி.எஸ். ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றலாமா?
– வாசகர், பணகுடி

பதில்: மாற்ற வேண்டிய மெஷின்தான். நான்காம் தலைமுறை ஐ5-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களை உறுத்தியது அந்தச் ‘சுள்’தான்.

எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் வாயிலிலேயே மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினெட் 230 வோல்ட்டில் பாதியில், அதாவது 115 வோல்ட் சுமாரில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போகிறது. அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி மாட்டினால் புது கார்டின் போர்ட்டே போகலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ப்ளக்கில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும், பேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். எர்த் குழி இருந்தும் அளவு சரியில்லையா? சித்திரை, வைகாசியில் குழி வறண்டுபோனால் எர்த் இருந்தும் இல்லாத கதைதான். வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் சரியான பிறகும் சுள்ளென்றால் அந்த எஸ்.எம்.பி.எஸ்.-ஸை ஓட்டவே வேண்டாம்.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.-ஸை எப்படியும் புதியதில் போடக் கூடாது. ரீஸ்டார்ட்டுக்கு எங்கள் முதல் சந்தேகமும் அதன்மேல்தான். மேலே ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றிருந்தால் 12 × 16 = 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது இந்த லைனிலிருந்துதான். நல்ல 550 வாட்டில் இது 45 ஆம்பியர் அளவில் இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான) முத்திரையோடு 550 அல்லது 650 வாட் வாங்குங்கள். கேபினெட்டோடு ‘இலவசமாக’ வருவதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் கழற்றும் கேபிள்களைப் புதியதில் மாட்டவே கூடாது: முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் எரியும்.

மற்றவை: பிராசசர் ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ் 5060 அல்லது ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி. உங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு இதுவே அதிகம். அதற்கு மேல் கார்டில் போடும் காசு கண்ணுக்குத் தெரியாது. ராம் டிடிஆர்5 6000, இரண்டு 16 ஜி.பி. இப்போதைய விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டு 8 போடுங்கள். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். நான்கு ராம் போட்டால் இந்தப் போர்டுகளில் வேகம் வெகுவாக இறங்கிவிடும். விண்டோஸுக்கு 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. (போர்டிலேயே செருகும் வேகமான டிஸ்க்). பழைய ஹார்ட் டிஸ்க் போட்டோ, படம் வைக்க இருக்கட்டும்.

600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது பொதுவாக 360 வாட்தான். கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 300-ஐத் தாண்டும், பேட்டரியும் பழசு. 1000 வி.ஏ. எடுங்கள், முடிந்தால் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாகத் தருவது).

பணகுடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று காற்றாலையை மட்டுமா சுற்றுகிறது, புழுதியைக் கொண்டுவந்து ஹீட்சிங்க் இடுக்கிலெல்லாம் அப்புகிறது. முன்பக்கம் வலை பில்டரோடு இரண்டு பேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் சந்து வழியாகத் தூசி ஏறாது. மேற்கு ஜன்னலை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். புளோயர் அடிக்கும்போது பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போகும்.

மகன் தானே அசெம்பிள் பண்ணட்டும். இந்தப் பிராசசரில் பின் கிடையாது, போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கிறது. முக்கோணக் குறியைப் பார்த்து மேலிருந்து மெல்ல இறக்கிவிட வேண்டும், அழுத்தக் கூடாது. லீவரை மூடும்போது துள்ளி விழும் கறுப்பு மூடியைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டிக்குப் போகும்போது கேட்பார்கள். கூட வரும் கூலரின் அடியில் பேஸ்ட் தடவியே வரும், மேலும் தடவ வேண்டாம். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். ராம் இரண்டும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்.

முதல் தடவை ஆன் செய்ததும் பேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். பதற வேண்டாம், போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் பிடிக்கும், நடுவில் ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. திரை வந்ததும் பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்போவை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000 ராம் 4800-லேயே ஓடும். மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் போர்டில் மாட்டிவிடாமல், கீழே படுக்கைவசமாக இருக்கும் கார்டின் போர்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். போர்டில் மாட்டினாலும் படம் வரும், கேம்தான் நொண்டும்.