அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்

கிழக்கு லண்டனில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை, இங்கிலாந்துப் பள்ளிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம்தான். ஆனாலும் 'இலவச உணவுக்கு விண்ணப்பியுங்கள்' என்று ஆபீஸிலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. "சாப்பாடு எப்படியும் கிடைக்கிறது, நாம் ஏழை என்று எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்?" என்கிறார் கணவர்.
வாசகி, டூட்டிங்

பதில்: இன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. அந்தக் கடிதம் சாப்பாட்டுக்காக வருவதில்லை.

லண்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 செப்டம்பரிலிருந்து மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மேயர் திட்டத்தில் சாப்பாடு. அது தனிக் கணக்கு. 'பியூபில் பிரீமியம்' என்று 2011இல் வந்தது வேறு கணக்கு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அரசு அந்தப் பள்ளிக்குக் கூடுதல் பணம் தருகிறது. 2024-25இல் தொடக்கப் பள்ளிக்குத் தலைக்கு 1,480 பவுண்டு, உயர்நிலைப் பள்ளிக்கு 1,050. இலவச உணவுக்குத் தகுதி என்று பதிவான பிள்ளைக்குத்தான் இந்தப் பணம். ஒருமுறை பதிவானால் ஆறு வருடம் கணக்கில் இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் உங்கள் மகன் சாப்பிடுவான், பள்ளிக்கு வரவேண்டிய பணம் வராது.

2018இல் வைத்த வரம்பு இது: வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் 'யூனிவர்சல் கிரெடிட்' உதவித்தொகை வாங்கும் குடும்பமாக இருக்கவேண்டும், உதவித்தொகையைச் சேர்க்காமல், வரி போகக் கைக்கு வரும் சம்பளம் வருடத்துக்கு 7,400 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாருக்கும் 2026 செப்டம்பர் முதல் சாப்பாடு உண்டு என்று அரசு அறிவித்திருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள், அதைப் பார்ப்பது விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர்கள் வேலை.

அந்தப் பணத்தில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு பையன், வீட்டில் அம்மாவின் போனிலேயே கணக்குப் போடுவான். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் கணக்கு மூன்று தாள், அதில் இரண்டுக்குக் கால்குலேட்டர் வேண்டும். மாதிரித் தேர்வில் பள்ளிக் கால்குலேட்டரைக் கையில் கொடுத்தோம். விடை பின்னமாக வந்து நின்றது. அதைத் தசமமாக மாற்ற 'எஸ்-டி' என்று ஒரு பட்டன் உண்டு. அவனுக்குத் தெரியவில்லை. தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து மூன்று கேள்வியை அடித்துவிட்டான். மூன்றும் சரியான விடை. அடுத்த வாரமே பிரீமியம் பணத்தில் அவன் மாதிரி பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கால்குலேட்டர் வாங்கினோம்.

மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் வேண்டாம். மேல் பள்ளிக்குப் போனாலும் பல இடங்களில் கேண்டீனில் கார்டோ விரல் ரேகையோதான். யார் காசு கொடுத்தது, யாருக்கு இலவசம் என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாது, புத்தகமும் பள்ளியே தருகிறது என்கிறார்கள். அப்புறம் ஏழ்மை எப்படி மார்க்கைக் குறைக்கும்?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் 9 முதல் 1 வரை கிரேடு, 9தான் உச்சம். 4 எடுத்தால் தேர்ச்சி, 5 எடுத்தால் நல்ல தேர்ச்சி. 2024இல் ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் 5 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள், வசதி குறைந்த பிள்ளைகளில் 25.8 சதவீதம். மற்றவர்களில் 53.1 சதவீதம். பாதிக்கும் கீழே! ஐந்து வயதில் பள்ளிக்குள் வரும்போதே சில மாதம் பின்தங்கி வருகிறார்கள், பதினாறில் அது ஏறக்குறைய ஒன்றரை வருடமாகிவிடுகிறது.

ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவள் நோட்டின் ஓரமெல்லாம் ஈரம் பட்டுக் காய்ந்து சுருண்டிருக்கும். முதலில் அலட்சியம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கவுன்சில், அதாவது உள்ளாட்சி, தற்காலிகமாக ஓர் அறை கொடுத்திருந்தது, அதுவும் வேறு பகுதியில். அம்மா, அப்பா, இவள், கைக்குழந்தை நான்கு பேரும் அந்த ஓர் அறையில். எட்டு மணிக்குக் குழந்தைக்காக விளக்கை அணைத்துவிடுவார்கள். இவள் குளியலறையில், மூடிய டாய்லெட் மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதுவாள். காலையில் இரண்டு பஸ். தாமதமாக வந்ததற்காக மதியம் நிறுத்தி வைப்போம், அந்த நேரத்தில்தான் கணக்கு கிளப் நடக்கும்.

அதே வகுப்பில் இன்னொரு பெண்ணுக்கு வாரம் இரண்டு நாள் டியூஷன், தனி அறை, மேசை, கேட்டதும் சொல்லித்தர அப்பா. இருவருக்கும் ஒரே டீச்சர், ஒரே வினாத்தாள். முதல் பெண் 6 வாங்கினாள். 8 வாங்கவேண்டிய மூளை அவளுக்கு என்று இன்றும் எந்த இடத்திலும் சொல்வேன். தாமதமாக வருபவர்களைக் குறிக்கும் எங்கள் பதிவேட்டில் காரணம் எழுத இடமே கிடையாது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: வேலை சண்டர்லேண்டுக்கு மாறுகிறது. லண்டனில்தான் வசதி குறைந்த பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பது உண்மையா?
வாசகர், கிராய்டன்

பதில்: உண்மைதான். லண்டனில் வசதி குறைந்த பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளில் இருப்பவர்களைவிட நல்ல மார்க் எடுக்கிறார்கள். சண்டர்லேண்டு இருக்கும் வடகிழக்கு பின்தங்கித்தான் இருக்கிறது. லண்டன் பள்ளிகளை மேம்படுத்த 2003 முதல் 2011 வரை நடந்த 'லண்டன் சேலஞ்ச்' திட்டத்துக்கு இதில் பங்கு உண்டு. அதுமட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள் இங்கே அதிகம், அவர்கள் வீட்டில் படிப்பின் மேல் இருக்கும் பிடிவாதமும் சேர்ந்துதான். சராசரியைப் பார்த்து வேலையை விடாதீர்கள். அந்த ஊரிலும் நல்ல பள்ளி உண்டு, நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மகள் பத்தாம் ஆண்டு. கணக்கில் கீழ் செட்டுக்கு (திறன்படி பிரித்த கீழ்ப் பிரிவுக்கு) மாற்றி, 'ஃபவுண்டேஷன் எழுதட்டும்' என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?
வாசகி, ஹாரோ

பதில்: உடனே சரி சொல்லாதீர்கள். ஃபவுண்டேஷன் என்ற எளிய தாளில் எவ்வளவு சரியாக எழுதினாலும் 5க்கு மேல் கிடையாது. ஹையர் என்ற கடினமான தாளில்தான் 9 வரை போகலாம். ஜிசிஎஸ்இக்கு அடுத்த படிப்பான ஏ லெவலில் கணக்கு எடுக்கப் பல பள்ளிகள் 6 அல்லது 7 கேட்கும். மறுபக்கமும் உண்டு. ஹையரில் 3க்கும் கீழே போனால் கிரேடே இல்லாமல் 'யு' என்று வரும். நிஜமாகவே தடுமாறும் பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் அவமானம் இல்லை, அதில் 4 வாங்குவது நல்ல வழி.

ஆனால் எதை வைத்து மாற்றினார்கள் என்று கேளுங்கள். இதை நான் செய்த தவறிலிருந்து சொல்கிறேன். 2018இல் ஒரு பையன் வீட்டுப்பாடமே அனுப்ப மாட்டான். ஆர்வமில்லை என்று முடிவுகட்டிக் கீழ் செட்டுக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டுப்பாடம் அந்த வருடம்தான் முழுக்க ஆன்லைனுக்கு மாறியிருந்தது. அவன் வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அம்மாவோடு துப்புரவு வேலைக்குப் போய்விடும். எனக்கு இது தெரிய வந்தபோது மார்ச். ஹையர் பாடங்களைத் தொடாமலே மாதங்கள் போயிருந்தன. அவன் 5 வாங்கினான், அந்தத் தாளில் கிட்டத்தட்ட முழு மார்க். 'மிஸ், இதுக்கு மேல கிடையாதா?' என்று கேட்டான். பதினோராம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் தேர்வுக்குப் பெயர் கொடுப்பார்கள். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

கேள்வி: பெட்ரோல் பங்கில் இரவு வேலை. ஆங்கிலம் சரியாக வராது. பெற்றோர் கூட்டத்துக்குப் போய் என்ன பேசப்போகிறேன் என்று போவதே இல்லை. தப்பா?
வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: போங்கள் ஐயா. ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்து நிமிடம்தான் தருவார், அதற்கு நிறைய ஆங்கிலம் வேண்டாம். முன்கூட்டியே ஆபீஸில் சொன்னால் தமிழ் தெரிந்த ஊழியர் யாரையாவது கூட உட்கார வைப்பார்கள், உங்கள் பகுதியில் அது கஷ்டமில்லை. பள்ளி முடிந்தபின் உட்கார்ந்து படிக்க எந்த அறை திறந்திருக்கும், எத்தனை மணி வரை என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பகலில் நீங்கள் தூங்கவும் வேண்டும், பிள்ளைக்கு ஒரு மேசையும் வேண்டும். அந்த அறையில் ஹீட்டரும் இருக்கும்.