நீட்டில் 500 எடுத்தவருக்கு இடமில்லை, 200 எடுத்த அரசுப் பள்ளி மாணவருக்கு எம்.பி.பி.எஸ். இது நியாயமா? அப்படி வந்த டாக்டரிடம் வைத்தியம் பார்ப்பீர்களா?

நியாயம்தான். பார்ப்பேன்.

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ 500 எடுத்தும் இடம் கிடைக்காமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வலி எனக்குப் புரியும். ஆனால் நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசு தரும் இந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்த ஒரு பிள்ளையை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அவளுடைய அப்பா கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) நெல் மூட்டை தூக்குபவர். 2020-இல் அவள் எடுத்தது 200-க்கும் கீழே. நான் மறைக்கவில்லை. கோச்சிங் கிடையாது, வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கையில் கிடைக்கும். நவம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு. துணைக்கு நானும் போனேன். அவளுக்குத் தனியார் கல்லூரியில் இடம் காட்டினார்கள். கட்டணம் கிட்டத்தட்ட நான்கு லட்சம். "டீச்சர், இது வருஷத்துக்கா, அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்தா?" என்று கூட வந்த அவளுடைய அப்பா என்னிடம் கேட்டார். வருஷத்துக்கு என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்று இரவே பஸ் ஏறினோம்.

ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஓராண்டு போயிருக்காது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடி எழுதினாள். மதிப்பெண் கூடியது, அரசுக் கல்லூரியிலேயே கிடைத்தது. இப்போது இறுதியாண்டு. அங்கே அவளுக்கென்று தனி வினாத்தாள் யாரும் தரவில்லை. 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்பது 600 எடுத்து வந்தவருக்கும் அவளுக்கும் ஒன்றுதான். அதனால்தான் வைத்தியம் பார்ப்பேன் என்கிறேன்.

"தகுதி போய்விட்டது" என்று கமெண்டில் சிலர் வருவார்கள், தெரியும். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டி, உங்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் சேர்ந்தவரின் மார்க்கை என்றைக்காவது விசாரித்தீர்களா? 2023-இல் முதுகலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது எல்லாப் பிரிவினருக்கும் தகுதியைப் பூஜ்ஜியம் பர்சென்டைல் ஆக்கினார்கள், அதாவது நுழைவுத் தேர்வை எழுதியிருந்தாலே போதும். அப்போது இந்தக் கேள்வியை நான் பார்க்கவே இல்லை.

நான் எந்தச் சாதிக்கும் எதிரி இல்லை. 7.5 சாதி பார்த்துக் கொடுப்பதும் இல்லை. ஏற்கனவே இருக்கும் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும், பொதுப் பிரிவு உட்பட, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு சிறு பங்கு, அவ்வளவுதான். பிளஸ் டூ எழுதுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். 2019-இல் அவர்களில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 6 பேர். இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கேட்டது, அரசு 7.5 ஆகக் குறைத்தது, அதற்கும் ஆளுநரின் ஒப்புதல் வரத் தாமதமானதால் 2020 அக்டோபர் கடைசியில் அரசாணை போட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பல் மருத்துவமும் சேர்த்து 405 இடங்கள். இது போதாது என்பதுதான் என் குறை.

"உங்கள் பிள்ளையை எங்கே படிக்க வைத்தீர்கள்?" என்றும் கேட்பீர்கள். நான் வேலை பார்க்கும் அதே பள்ளியில்தான்.

அரசுப் பள்ளியை ஒழுங்காக நடத்தினால் ஒதுக்கீடு எதற்கு என்பவர்களுக்கும் சொல்கிறேன். நடத்த விடுங்கள். பாட வேளையில் போனை எடுத்து அரசு தரும் இலவசச் செருப்பு யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பதிவேற்றிக் கொண்டிருக்கிறோம். நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் காத்திருப்பார்கள். நடுவில் தேர்தல் பணி, வாக்காளர் பட்டியல் வேலை. தாவரவியல் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போன இடம் இன்னும் காலி. இந்த ஆண்டும் இரண்டையும் நான்தான் எடுக்கிறேன்.