வீட்டு சர்வருக்கு எத்தனை வாசல்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற சொந்த கிளவுட் மென்பொருளில் வைத்திருக்கிறேன். எல்லாம் டாக்கரில், அதாவது கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில், ஓடுகிறது. வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் 22 (தொலைவிலிருந்து கட்டளையிடும் எஸ்எஸ்எச்), 443 (இணையதளம்) என்ற இரண்டு போர்ட்டையும், அதாவது வாசலையும், திறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து லாக்கைப் பார்த்தால் தவறான பாஸ்வேர்டு முயற்சிகளாகவே ஆயிரக்கணக்கான வரிகள். எஸ்எஸ்எச் போர்ட்டை 2222க்கு மாற்றியதும் குறைந்துவிட்டது. யாராவது என்னைக் குறிவைக்கிறார்களா? செய்தது போதுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களை யாரும் குறிவைக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அந்த வேலையை இன்று எண்ணற்ற போட்கள் (தானியங்கி நிரல்கள்) ஓயாமல் செய்கின்றன. திறந்த போர்ட் யாருடையதானாலும் தட்டுவார்கள். 2222க்கு மாறியதில் லாக் சுத்தமானது, அவ்வளவுதான். பூட்டு பழைய பூட்டுதான்.

ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கும் 443க்கும் திறந்ததை மூடிவிட்டு, வயர்கார்டுக்காக யூடிபி 51820 போர்ட் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். வயர்கார்டு என்பது உங்கள் சாதனங்களுக்கும் சர்வருக்கும் இடையே மறையாக்கிய தனிப் பாதை (டனல்) போடும் விபிஎன். சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. தட்டுகிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. சர்வருக்கு டனலுக்குள் 10.8.0.1, போனுக்கு 10.8.0.2, லேப்டாப்புக்கு 10.8.0.3 என்று கொடுங்கள். சாதனத்துக்கு ஒரு சாவி. ஒரே கான்ஃபிக்கை இரண்டு போனில் போட்டால், ஒன்று இணைந்ததும் மற்றது எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் அறுந்துபோகும். காரணம் தேடியே ஒரு நாள் போய்விடும். எந்த முகவரிகளை டனல் வழியே அனுப்புவது என்று சொல்லும் போனின் ‘அலவ்டு ஐபிஸ்’ வரியில் 10.8.0.1/32 மட்டும் போதும். 0.0.0.0/0 போட்டால் போனின் ஐபிவி4 போக்குவரத்து முழுக்க உங்கள் வீட்டுக்குத் திரும்பும்.

443ஐ மூடினால் தளத்துக்கான இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமான முறையில் புதுப்பிக்காது. டொமைனின் டிஎன்எஸ் பதிவு வழிச் சரிபார்ப்புக்கு அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சில வாரம் கழித்து, இதை நீங்கள் மறந்தே போன ஒரு நாளில், வீட்டில் எல்லோர் போனிலும் எச்சரிக்கை வரும்.

எஸ்எஸ்எச் டனலுக்குள் போனாலும் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்தத்தான் வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எஸ்எஸ்எச் அமைப்பான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் ‘பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் நோ’ என்று எழுதி, சேவையை மறுபடி தொடங்கி, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்தக் கோப்பின் மேலேயே, எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி அடைவில் உள்ளவற்றைச் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி இருக்கும். எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். அந்த அடைவில் கிளவுட்-இனிட் (முதல் முறை அமைப்பைச் செய்யும் நிரல்) போட்ட 50இல் தொடங்கும் கோப்பு ஒன்று ‘யெஸ்’ என்று சொன்னால், கீழே நீங்கள் எழுதிய ‘நோ’ செல்லாது. உங்கள் வரியை 00 என்று தொடங்கும் தனிக் கோப்பாக அங்கேயே வையுங்கள். பிறகு ‘சூடோ எஸ்எஸ்எச்டி’ கட்டளையைப் பெரிய எழுத்து ‘-T’ ஆப்ஷனோடு ஓட்டினால், நடைமுறையில் இருக்கும் மதிப்புகளைக் காட்டும். நம்ப வேண்டியது அதைத்தான். சேவையை மறுபடி தொடங்கும்போது பழைய இணைப்பை மூடாதீர்கள்; புது ஜன்னலில் சாவியோடு உள்ளே போய்ப் பார்த்த பிறகு மூடலாம்.

இரண்டாவது ஏமாற்றம் டாக்கர். டாக்கரின் கம்போஸ் அமைப்புக் கோப்பில் ‘8080:80’ என்று எழுதினால் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் திறந்துவிடும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருந்தாலும் தடுக்காது. டாக்கர் தன் விதிகளை நேரே லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது. பாக்கெட் யூஎஃப்டபிள்யூ காவல் காக்கும் வழியிலேயே வராமல் கன்டெய்னருக்குப் போய்விடுகிறது. ‘டினை’ (தடு) என்று காட்டும் ஃபயர்வாலுக்குப் பின்னால், வீட்டிலுள்ள மலிவு கேமராவும் உங்கள் சேவையைத் தொடலாம். ‘10.8.0.1:443:443’ என்று முகவரியோடு எழுதுங்கள். டேட்டாபேஸ் கன்டெய்னருக்குப் போர்ட்ஸ் வரியே வேண்டாம். கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஆனால் மின்சாரம் போய் வந்த பிறகு, வயர்கார்டுக்கு முன்னால் டாக்கர் எழுந்தால் அந்த முகவரி இன்னும் இருக்காது, கன்டெய்னர் தொடங்காமல் நின்றுவிடும். சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் டாக்கர் சேவைக்கு, வயர்கார்டுக்குப் பின்னால் தொடங்கு என்று ‘ஆஃப்டர்’ வரி சேருங்கள்.

ஐபிவி6 இருந்தால் சர்வருக்கு வெளியிலிருந்து தொடக்கூடிய நேரடி முகவரி கிடைத்திருக்கலாம். ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். சாதனங்கள் தாங்களே ரவுட்டரில் போர்ட் திறக்க விடும் யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு என்றால் திருடன் மட்டுமல்ல, டிஸ்க் சாவதும்தான். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் கிடைக்கலாம். முதலில் டம்ப் (டேட்டாபேஸின் முழு ஏற்றுமதி) எடுத்து, படங்களோடு சேர்த்து ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் வேறொரு டிஸ்க்குக்கும் வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்கும் அனுப்புங்கள். ரெஸ்டிக் பாஸ்வேர்டு சர்வரில் மட்டும் இருந்தால், டிஸ்க் போகும் நாளில் பேக்கப்பும் போனதுதான். காகிதத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்துப் படங்களையாவது வேறு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, அது லேப்டாப் என்பதால்: எப்போதும் சார்ஜரில் கிடக்கும் பேட்டரி உப்பக்கூடும். மாடல் இடம் கொடுத்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள். டச்பேட் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டோ, அழுத்தினால் கிளிக் ஆகாமலோ இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இன்றைக்கே அணைத்து, அந்தப் பேட்டரியை மாற்றுங்கள்.