கஷ்ட காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் உங்களுக்கு உண்மையிலேயே சமாதானமும் தைரியமும் தந்ததா?

தந்தது. ஆனால் நான் கேட்ட வழியில் வரவில்லை.

2019-இல் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஞாயிறு ஆலயம், ராத்திரி குடும்ப ஜெபம் என்று வளர்ந்தவர்கள். அதனால் முதல் ஆறு மாதம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சுகம். உபவாசம் இருந்தேன், பொருத்தனை பண்ணினேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தால் கண்ணை மூடி ஜெபித்த பிறகுதான் கவரைப் பிரிப்பேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த ஒருவர், "உங்க விசுவாசத்துல எங்கேயோ குறை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா எத்தனை நாள் அழுதார் என்பது அவருக்குத் தெரியாது. நோயாளி வீட்டில் போய் இப்படிப் பேசுகிறவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுலே தன் மாம்சத்திலிருந்த முள், அதாவது உடலில் இருந்த ஒரு வேதனை, நீங்கும்படி மூன்று தரம் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கா விசுவாசம் குறைவு?

ஒரு ஞாயிறு ராத்திரி அப்பாவுக்கு உடம்பில் நீர் கூடி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார வைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால், காலையில் முதல் ஆளாகப் போட்டுவிடுகிறோம், அதற்குள் மூச்சுத்திணறல் கூடினால் உடனே வாருங்கள் என்றார்கள். எனக்கு ஜெபம் வரவில்லை. வேதாகமத்தைப் புரட்டியபோது 13-ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" மொத்தம் ஆறே வசனம், அதில் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை 'எதுவரைக்கும்' வருகிறது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை ஆண்டவரிடமே கேட்கலாம், கேட்டதை வேதத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சத்தமாக வாசித்தேன். அப்பா மூச்சுக்கு நடுவே, "இன்னொரு தரம் வாசிம்மா" என்றார். விடியும்வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தோம். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு நாங்கள் தனியாக இல்லை. நான் சமாதானம் என்று சொல்வது இதைத்தான்.

அப்பாவின் இடது கையில் பிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய் இரண்டை இணைத்த இடம் அது. தொட்டால் உள்ளே தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். அது நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். அந்த ராத்திரிக்கு அப்புறம் குடும்ப ஜெபத்தில் அந்த இடத்தில் கை வைத்துத்தான் ஜெபிக்கிறோம். "ஓடுதா?" என்பார் அப்பா. "ஓடுதுப்பா" என்பேன். பிறகுதான் ஆமென்.

தைரியம் பெரும்பாலும் மனிதர்கள் வழியாகத்தான் வந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் ஆலயம் பூட்டிக் கிடந்தது. டயாலிசிஸை நிறுத்த முடியுமா? ஆட்டோவும் இல்லை. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பாஸ் வாங்கி, தன் காரிலேயே வாரம் மூன்று நாளும் கூட்டிப்போனார். வழியில் ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. நான்கு மணி நேரமும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார்.

எங்கள் பக்கத்து டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி அப்பா அடிக்கடி பேசுவார். 1931-இல் குழியில் விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். "அவங்க எந்திரிச்சு நடக்கணும்னு அந்தப் பிள்ளைங்க எவ்வளவு ஜெபிச்சிருக்கும்! நம்ம வீட்ல மட்டுமா இப்படி?" என்பார்.

ஜெபிக்க வார்த்தை வராத நிலையில் நீங்கள் இருந்தால், அந்த 13-ஆம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். கடைசி இரண்டு வசனத்தில் துதி வருகிறது. அதுவரை போக முடியவில்லையா, சரி, முதல் வசனத்திலேயே நில்லுங்கள். நாங்களும் பல நாள் அங்கேயேதான் நின்றோம்.